சுண்ணாம்புக் குழியும் ரத்தினக் கம்பளமும்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை. பாலாற்றுப் பகுதியில் இருக்கும் இந்த ஊர்களின் பெயரைச் சொன்னதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது தோல்தான். ஆம்பூர் பிரியாணி இரண்டாவதாக வரலாம். ஆனால் இந்த ஊர்களுக்கு வந்து சேர்ந்த ஒவ்வொரு ஆட்டுத்தோலிலும் ரோமம் இருந்தது என்பதை யாரும் அதிகம் யோசிப்பதில்லை. அந்த ரோமத்தை நீக்கினால்தான் தோலைப் பதனிட முடியும். ஆகவே தோல் தொழிலின் வரலாறு என்பது ஒரு வகையில் ரோமத்தைக் கழற்றும் தொழிலின் வரலாறும் ஆகும்.

இதே பகுதியில் அந்த ரோமத்தைப் பாதுகாக்க வேண்டிய தொழிலும் நடந்திருக்கிறது. கம்பளி நூலைக் கொண்டு கம்பளம் நெய்தார்கள். ஒரு பக்கம் ரோமத்தை அழிக்கும் அறிவு, இன்னொரு பக்கம் ரோமத்தைக் காக்கும் அறிவு. இரண்டும் சில மைல் தூரத்துக்குள் இருந்தன. வீட்டில் இருக்கும் ஒரு கம்பளி விரிப்பை ஆழமாகச் சுத்தம் செய்வது எப்படி என்ற சாதாரணக் கேள்விக்கு விடை தேடினால், அது இந்த இரண்டு தொழில்களின் கதையிலும் கொண்டுபோய் விடுகிறது.

கம்பளி வேறு, கம்பளம் வேறு

தமிழ்நாட்டு வீடுகளில் விரிப்பு என்றால் பெரும்பாலும் பாய் அல்லது ஜமக்காளம். பவானி ஜமக்காளம் பருத்தியால் நெய்யப்படுவது. அதை எந்த சோப்பிலும் ஊறவைத்து, கல்லில் அடித்துத் துவைத்து, வெயிலில் போடலாம். ஒன்றும் ஆகாது.

கம்பளி என்பது செம்மறி ஆட்டு ரோமத்தால் நெய்த முரட்டுப் போர்வை. பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் ஆடு மேய்த்து, ரோமம் கத்தரித்து, நூல் நூற்று, கம்பளி நெய்தவர்கள் குறும்பர்கள். தென்னிந்தியக் கம்பளி நெசவில் பாவு நூலுக்குப் புளியங்கொட்டைப் பசை தடவுவது பரவலான வழக்கம்.

ரத்தினக் கம்பளம் என்பது மூன்றாவது வகை. பாவு நூலில் கம்பளி நூலை ஒவ்வொரு முடிச்சாகப் போட்டு, முனையை வெட்டி, மேற்பரப்பில் புல்வெளி போல நூல் நிமிர்ந்து நிற்கும்படி நெய்வது. பாவும் ஊடையும் பெரும்பாலும் பருத்தி. மேலே நிற்பது மட்டும் கம்பளி. சுத்தம் செய்யும்போது இந்த வேறுபாட்டை மறந்துவிட்டால் விரிப்பு கெட்டுப்போகும்.

இன்னொன்றையும் இங்கே கவனிக்க வேண்டும். வட தமிழ்நாட்டின் மெட்ராஸ் சிவப்பு, சேலம் பக்கத்து மேச்சேரி போன்ற ஆட்டினங்களுக்குக் கம்பளி என்று சொல்லும்படியான ரோமம் கிடையாது. குட்டையான முடிதான் உண்டு. ஆனால் மேச்சேரி ஆட்டுத் தோலுக்குச் சந்தையில் தனி மதிப்பு இருக்கிறது. திருச்சி கருங்குரும்பை போன்ற சில இனங்களே கம்பளிக்கு உதவும் முரட்டு ரோமம் தருபவை. ஆக, இந்த மண்ணின் ஆடுகள் இயல்பிலேயே தோலுக்குப் பொருத்தமானவை. கம்பளி ஓரமாகத்தான் இருந்தது.

நவாப்பும் சிறைச்சாலையும்

1749ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஆம்பூர் அருகே நடந்த போரில் ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் கொல்லப்பட்டார். அவருடைய மகன் முகமது அலி வாலாஜா பின்னர் நவாப் ஆனார். அவருடைய பட்டப்பெயரைத் தாங்கி நிற்கும் ஊர்தான் வாலாஜாபேட்டை. வணிகர்களும் நெசவாளர்களும் நிறைந்த அந்த ஊர் துணி, சாயம் ஆகியவற்றோடு கம்பள நெசவுக்கும் பெயர் பெற்றிருந்தது. நவாப்புகளின் அரண்மனைப் பழக்கவழக்கங்களில் பாரசீகச் செல்வாக்கு அதிகம். விரிப்பு இல்லாமல் தர்பார் இல்லை. தெற்கே தஞ்சாவூர் அருகே அய்யம்பேட்டையிலும், வடக்கே ஏலூரு, மசூலிப்பட்டினம் ஆகிய ஊர்களிலும் இதே கலை இருந்தது.

1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக்குப் பிறகு இந்தியக் கம்பளங்களுக்கு ஐரோப்பாவில் தேவை பெருகியது. தேவை பெருகியதும் விலையைக் குறைக்கும் போட்டியும் வந்தது. ஆங்கிலேய அரசு சிறைக் கைதிகளைக் கம்பளம் நெய்ய வைத்தது. ஆக்ரா, எரவாடா, லாகூர் ஆகிய சிறைகளின் கம்பளங்கள் உலகப் புகழ் பெற்றன. வேலூர் மத்திய சிறையிலும் கம்பளம் நெய்யப்பட்டது.

கைதிக்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. ஒரு பொருளின் அடக்க விலையில் கூலியே இல்லையென்றால் வெளியில் இருக்கும் நெசவாளி எப்படிப் போட்டி போட முடியும்? 1880இல் வெளிவந்த இந்தியக் கைத்தொழில்கள் பற்றிய தம்முடைய நூலில் ஜார்ஜ் பேர்ட்வுட் சிறைக் கம்பளங்களைக் கடுமையாகச் சாடினார். பரம்பரை நெசவாளிகளின் கலையை இவை கெடுக்கின்றன என்பது அவருடைய வாதம். 1908இல் ஹென்றி ஹாரிஸ் தென்னிந்தியக் கம்பள நெசவு பற்றித் தனி அறிக்கை எழுதினார். அதைச் சென்னை அரசு அச்சகம் வெளியிட்டது. அழிந்துவிடும் என்று அஞ்சப்படும் தொழிலுக்குத்தான் இப்படிப்பட்ட ஆவணங்கள் தேவைப்படுகின்றன.

பின்னாளில் அதே வேலூர் சிறையில் காவல் துறைக்கான காலணிகள் தயாரிக்கும் பிரிவு வந்தது. கம்பளம் போய்த் தோல் வந்தது. அந்தப் பகுதி முழுவதற்கும் நடந்தது அந்த மதில்களுக்குள்ளும் நடந்திருக்கிறது.

சுண்ணாம்புக் குழியில் நடப்பது

பழைய முறையில் தோல் பதனிட ஆவாரம் பட்டையும் கடுக்காயும் பயன்பட்டன. அப்படிப் பதனிடப்பட்ட தோல் சென்னைத் துறைமுகம் வழியாக இங்கிலாந்துக்குப் போயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டனின் முயற்சியால் சென்னையில் குரோம் பதனிடுதல் அறிமுகமானது. குரோம்பேட்டை என்ற பெயரே அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது. 1948இல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. 1970களில் பதனிடாத தோல், பாதி பதனிட்ட தோல் ஆகியவற்றின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடுகள் விதித்தது. அதன் பிறகு ஆம்பூரும் இராணிப்பேட்டையும் முழுமையாக முடித்த தோலுக்கும் ஷூ தயாரிப்புக்கும் மாறின.

பட்டையாக இருந்தாலும் குரோமாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். உப்பிட்டு வந்த தோலைக் கழுவி ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் போட வேண்டும். தெளிந்த சுண்ணாம்பு நீரின் பி.எச். அளவு ஏறத்தாழ 12.4. அதாவது மிகக் கடுமையான காரம். அதோடு சோடியம் சல்பைடு என்ற உப்பையும் சேர்ப்பார்கள்.

ரோமம் கெராட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரத இழைகளைக் கந்தக அணுக்களால் ஆன பாலங்கள் ஒன்றோடொன்று பிணைத்திருக்கின்றன. ரோமத்தின் உறுதிக்குக் காரணமே இந்தப் பாலங்கள்தான். சல்பைடு நேராக இந்தப் பாலங்களை உடைக்கிறது. சுண்ணாம்பு இழையை உப்ப வைக்கிறது. கரைசல் கடுமையாக இருந்தால் ரோமம் கூழாகிவிடும்.

கம்பளி ரோமம் விலை போகும் என்பதால் அதைக் கூழாக்காமல் எடுக்கவும் ஒரு வழி உண்டு. சுண்ணாம்பையும் சல்பைடையும் பசையாகக் கலந்து, தோலின் சதைப் பக்கத்தில் மட்டும் பூசி, மடித்து அடுக்கி வைப்பார்கள். பசை உள்ளே இறங்கி ரோமத்தின் வேரைத் தளர்த்தும். சில மணி நேரம் கழித்து ரோமத்தைக் கையாலோ மழுங்கிய கத்தியாலோ வழித்து எடுத்துவிடலாம். கழுவிக் காயவைத்து விற்றால் அது ஓர் உபபொருள். தோலின் அடக்க விலையில் கொஞ்சம் குறையும்.

கம்பள வியாபாரத்தில் இதற்கு இறந்த ரோமம் என்று பெயர். உயிருள்ள ஆட்டிலிருந்து கத்தரித்த ரோமத்தை விட இது மலிவு. ஆனால் வேர்ப் பக்கம் சுண்ணாம்பு பட்ட ரோமம் சீக்கிரம் ஒடியும், சாயத்தை ஒரே சீராக ஏற்காது, பளபளப்பும் குறைவு. கடையில் விரித்துக் காட்டும்போது வித்தியாசம் தெரியாது. முதல் தடவை தண்ணீரில் போட்டுக் கழுவும்போது, கொத்துக் கொத்தாக இழை உதிரும்போதுதான் தெரியும். வாங்குபவருக்குத் தெரியாமல் விலையில் ஒளிந்திருந்த குறை, வாளித் தண்ணீரில் வெளியே வருகிறது.

வெள்ளாவியும் பூந்திக்கொட்டையும்

தமிழ்நாட்டில் துணி வெளுக்கும் கலை பருத்திக்காக வளர்ந்த கலை. உவர்மண்ணில் நனைத்து, வெள்ளாவி வைத்து, ஆற்றுக் கல்லில் அடித்து வெளுத்தார்கள் வண்ணார்கள். உவர்மண் காரம் மிகுந்தது. பருத்தி தாவர நார் என்பதால் காரத்தைத் தாங்கும். சொல்லப்போனால் காரத்தில்தான் அது நன்றாக வெளுக்கும்.

கம்பளி விலங்கு நார். அதற்கு எல்லாமே தலைகீழ். 5 சதவீதக் காஸ்டிக் சோடாக் கரைசலில் போட்டுக் கொதிக்க வைத்தால் கம்பளி சில நிமிடங்களில் முழுவதும் கரைந்துபோகும். பருத்தி அப்படியே நிற்கும். நெசவுக் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் இரண்டையும் பிரித்தறியச் செய்யும் சோதனையே இதுதான். இலேசான அமிலத்தில் கம்பளிக்குச் சேதம் இல்லை.

வெள்ளாவியும் சுண்ணாம்புக் குழியும் வேதியியல்படி உறவுக்காரர்கள். வெள்ளாவி வைக்கத் தெரிந்த கைகளிடம் கம்பளத்தைக் கொடுத்தால் அது சுண்ணாம்புக் குழிக்குள் போன மாதிரிதான். இதைத் தெரிந்து வைத்திருந்த முன்னோர்கள் பட்டுக்கும் கம்பளிக்கும் பூந்திக்கொட்டையைப் பயன்படுத்தினார்கள். பூந்திக்கொட்டைத் தோலை ஊறவைத்துக் கசக்கினால் நுரை வரும். அழுக்கையும் எண்ணெய்ப் பிசுக்கையும் எடுக்கும், காரம் கிடையாது. காஷ்மீர்ச் சால்வைகளையும் இதில்தான் அலசினார்கள். இன்று வாஷிங் சோடா, சலவைத்தூள், பிளீச் என்று வரிசையாகப் பாட்டில்கள் இருக்கும் வீட்டில் கம்பளத்துக்கு மிகப் பாதுகாப்பான பொருள் இன்னும் நாட்டு மருந்துக் கடையில்தான் இருக்கிறது.

தோலிலிருந்து துணிக்கு வந்த நொதி

இங்கே உலக வரலாற்றிலிருந்து ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். சுண்ணாம்பிலிருந்து எடுத்த தோலை மிருதுவாக்க, பழங்காலத்தில் நாய் மலத்தையும் புறா எச்சத்தையும் கரைத்து அதில் ஊறவைத்தார்கள். உலகின் பல இடங்களில் இது வழக்கமாக இருந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த வேதியியலாளர் ஓட்டோ ரோம், அந்த மலத்தில் வேலை செய்வது செரிமான நொதிகள்தான் என்று கருதி, கால்நடைகளின் கணையத்திலிருந்து எடுத்த நொதியைக் கொண்டு ஒரு மாற்றுப் பொருளைத் தயாரித்தார். 1907இல் நிறுவனம் தொடங்கி அதை விற்றார். தோல் தொழிலாளி நாய் மலத்தில் கைவிட வேண்டிய அவலம் அதனால் குறைந்தது.

அதே ரோம் சில ஆண்டுகளில் இன்னொன்றையும் யோசித்தார். துணியில் படியும் வியர்வை, இரத்தம், உணவுக் கறைகளும் புரதம்தானே? அதே கணைய நொதியைச் சலவைப் பொருளில் சேர்த்து 1913இல் காப்புரிமை பெற்றார். உலகின் முதல் நொதிச் சலவைப் பொருள் அதுதான்.

இன்றைய பல சலவைத்தூள்களில் இருக்கும் புரத நொதிகள் அந்தப் பரம்பரையில் வந்தவை. சல்பைடுக்குப் பதிலாக ரோமம் நீக்கவும் இதே வகை நொதிகளைப் பயன்படுத்தும் ஆராய்ச்சி அடையாறு நிலையம் உட்படப் பல இடங்களில் நடந்திருக்கிறது. புரதக் கறையைத் தின்னும் நொதிக்குக் கம்பளியும் புரதம்தான். கறை எது, கம்பளம் எது என்று அதற்குத் தெரியாது. ஆகவே நொதி கலந்த சலவைத்தூளில் கம்பளத்தை ஊறவைப்பது வீட்டுக்குள்ளேயே ஒரு சிறிய டேனரியைத் தொடங்குவது போலத்தான்.

சாயம் ஓடுமா, நிற்குமா?

பழைய தென்னிந்தியச் சாயங்கள் சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும். சரியாக ஏற்றப்பட்ட இவை தண்ணீரில் அவ்வளவு எளிதில் ஓடாது. 1856இல் வில்லியம் பெர்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்த பிறகு மலிவான அனிலின் சாயங்கள் இந்தியாவுக்கு வந்தன. ஆரம்ப கால அனிலின் சாயங்கள் பல வெயிலில் வெளுத்தன, தண்ணீரில் ஓடின. பேர்ட்வுட் போன்றவர்களின் கோபத்துக்கு இதுவும் ஒரு காரணம். பிறகு குரோமியத்தைக் கொண்டு கம்பளியில் நிலைநிறுத்தும் சாயங்கள் வந்தன. அவை கழுவினாலும் நிற்பவை. தோலைப் பதனிடும் அதே உலோகம் கம்பளத்தின் நிறத்தையும் பிடித்து வைத்தது.

வீட்டில் இருக்கும் விரிப்பில் எந்தச் சாயம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே எந்தக் கம்பளத்தையும் சோதிக்காமல் நனைக்கக் கூடாது. ஒரு வெள்ளைத் துணியை ஈரமாக்கி ஒவ்வொரு நிறத்தின் மேலும் ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். கலக்கப் போகும் சோப்பு நீரிலும் இதே சோதனையைச் செய்ய வேண்டும். துணியில் நிறம் ஏறினால் அந்த விரிப்பு வீட்டில் கழுவ ஏற்றதல்ல. விவரம் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது. மிகப் பழைய, கிழிந்த, பட்டு கலந்த விரிப்புகளுக்கும் இதே விதிதான்.

வீட்டில் கழுவும் முறை

இத்தனை வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தால் செய்ய வேண்டியது தெளிவாகிறது.

முதலில் தூசி. கம்பளத்தின் அடியில் தங்கும் நுண்மணல்தான் அதன் முதல் எதிரி. நடக்க நடக்க அது இழையின் அடியை அறுக்கும். விரிப்பைக் கவிழ்த்துப் போட்டு முதுகுப் பக்கம் மெதுவாகத் தட்டினால் மணல் கீழே கொட்டும். வேக்குவம் இருந்தால் முதுகுப் பக்கம் முதலிலும் முகப்பக்கம் பிறகும் ஓட்டலாம். ஓரக் குஞ்சங்களின் மேல் ஓட்டக் கூடாது. தூசி போகாமல் நனைத்தால் அது சேறாகி உள்ளேயே தங்கிவிடும். பாதி வேலை தண்ணீர் படுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

அடுத்தது நீர். சூடான நீர் கூடாது. கம்பளி இழையின் மேல் மீன் செதில் போன்ற செதில்கள் இருக்கின்றன. சூடு, ஈரம், கசக்கல் மூன்றும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு இழைகள் சுருங்கிக் கட்டியாகும். பிறகு எதைச் செய்தாலும் பிரியாது. குளிர்ந்த நீர், குறைந்த தேய்ப்பு என்பதே சட்டம்.

மாடியில் சாய்வான, சுத்தமான தளத்தில் விரித்து, பூந்திக்கொட்டை ஊறிய நீரை வடிகட்டி ஊற்றலாம். வெளிர் நிறமானால் முதலில் ஒரு மூலையில் ஊற்றிப் பார்ப்பது நல்லது. அல்லது கம்பளிக்கென்று விற்கும் காரமில்லாத திரவ சோப்பை ஒரு வாளிக்கு ஒரு மேசைக்கரண்டி கலக்கலாம். மென்மையான பிரஷால் இழை படுத்திருக்கும் திசையிலேயே தேய்க்க வேண்டும். வட்டமாகத் தேய்க்கக் கூடாது. நீண்ட நேரம் ஊறவும் விடக் கூடாது. நுரை போய்த் தெளிந்த நீர் வரும் வரை அலச வேண்டும். கடைசி அலசலில் ஒரு வாளிக்கு அரை டம்ளர் வெள்ளை வினிகர் சேர்த்தால் மிச்சமிருக்கும் காரம் போய் நிறம் தெளியும்.

பிளீச் பக்கமே போகக் கூடாது. அது கம்பளியைக் கரைக்கும். பிளீச்சும் வினிகரும் ஒன்றாகச் சேர்ந்தால் நச்சான குளோரின் வாயு கிளம்பும். டேனரியில் சல்பைடு கலந்த கழிவோடு அமிலம் சேர்ந்தாலும் நச்சு வாயு கிளம்பும். கழிவுத் தொட்டியில் இறங்கிய தொழிலாளர்கள் மயங்கி விழுந்து இறக்கும் செய்திகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த வாயுதான் இருக்கிறது.

கடைசியாக உலர்த்துவது. கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, தொட்டால் காய்ந்தது போலவே இருக்கும். மேலே காய்ந்துவிட்டது என்று நம்பி விரித்துவிட்டால் அடியில் இருக்கும் பருத்திப் பாவு பூஞ்சை பிடித்து அழுகும். கொடியில் மடித்துத் தொங்கவிட்டால் ஈர எடை தாங்காமல் உருவம் மாறும். நீரை வழித்துத் தள்ளி, காற்றோட்டமான நிழலில் தட்டையாகப் போட்டு, இரண்டு பக்கமும் திருப்பிக் காயவைக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு மடிக்காமல் சுருட்டி வைத்தால் மடிப்பு விழாமல் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது. போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்த பிறகு வரும் தை மாதமே சரியான காலம்.

தண்ணீர் எங்கே?

பாரசீகத்தில் கம்பளம் கழுவுவது நீர்நிலையோடு சேர்ந்த பழக்கம். தெஹ்ரானுக்கு அருகே ரேய் நகரில் செஷ்மே அலி என்ற ஊற்று இருக்கிறது. அதன் நீரில் கம்பளம் கழுவி, அருகிலுள்ள பாறைகளில் விரித்து உலர்த்துவது வழக்கமாக இருந்தது. காஷான் அருகே மஷ்ஹதே அர்தஹால் என்னும் ஊரில் ஒரு புனிதக் கம்பளத்தை ஓடை நீரில் கழுவும் சடங்கு ஆண்டுதோறும் நடக்கிறது. 2012இல் யுனெஸ்கோ அதை மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நல்ல கம்பளத்துக்குப் பக்கத்தில் நல்ல நீரும் இருக்க வேண்டும்.

பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடிக் கடலில் சேர்கிறது. பெரும்பாலும் மணலுக்கு அடியில் ஓடும் ஆறு. மணலைத் தோண்டினால் ஊற்று வரும். வண்ணார் துறைகள், விவசாயக் கிணறுகள், சாயப் பட்டறைகள், தோல் குழிகள் எல்லாம் நம்பியிருந்தது அந்த ஊற்றைத்தான்.

1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தோல் கழிவுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. மாசுபடுத்துபவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கையும் முன்னெச்சரிக்கைக் கொள்கையும் இந்தியச் சட்டத்தின் பகுதிகள் என்று நீதிமன்றம் அறிவித்தது. இன்று சட்டக் கல்லூரிகள் அனைத்திலும் படிக்கப்படும் தீர்ப்பு இது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பயிருக்கு உதவாமல் போனதாக ஓர் ஆய்வு சொன்னதை அந்தத் தீர்ப்பு குறிப்பிடுகிறது. ஒரு கிலோ தோல் பதனிட 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும் அதில் இருக்கிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஆனாலும் 2015 ஜனவரி இறுதியில் இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, அருகே தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் பாலாற்று மாசு வழக்கில் இழப்பீட்டையும் கண்காணிப்புக் குழுவையும் பற்றி உத்தரவிட வேண்டியிருந்தது.

ஒரு சிறிய கணக்கு. நான்குக்கு ஆறு அடி விரிப்பு சுமார் 6 கிலோ இருக்கலாம். அதைக் கழுவிப் பலமுறை அலச 15 லிட்டர் வாளியில் பத்து வாளி என்று வைத்தால் 150 லிட்டர். கிலோவுக்கு 25 லிட்டர். தோலுக்கு ஆகும் 35 லிட்டரிலிருந்து அது அவ்வளவு தூரத்தில் இல்லை. இரண்டுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு தண்ணீரின் அளவில் இல்லை. அது வெளியே போகும்போது எதைச் சுமந்துகொண்டு போகிறது என்பதில்தான் இருக்கிறது. பூந்திக்கொட்டை நீரைத் தென்னைக்கு விடலாம். சல்பைடும் உப்பும் குரோமியமும் கலந்த நீரை எதற்கும் விட முடியாது.

பாலாறு வறண்டதற்குத் தோல் தொழில் மட்டுமே காரணம் என்று சொல்வது நியாயம் ஆகாது. மேலே கட்டப்பட்ட தடுப்பணைகள், அள்ளப்பட்ட மணல் என்று பங்காளிகள் பலர். இந்தத் தொழிலால் பல தலைமுறைகளாகக் குடும்பங்கள் சோறு சாப்பிட்டிருக்கின்றன என்பதும் உண்மை. ஆனால் இன்று வேலூர்ப் பகுதிக்குக் குடிநீர் மேட்டூர்ப் பக்கமிருந்து காவிரியிலிருந்து குழாயில் வருகிறது. ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பும் கடினமும் நிறைந்தது. கடின நீரில் சோப்பு நுரைக்காது. கம்பளத்தில் சாம்பல் நிறப் பிசுக்காகப் படியும். அலசி அலசிப் பார்த்தாலும் போகாது. ஆகவே இந்தப் பகுதியில் கம்பளம் கழுவ விரும்புபவருக்கு மிகச் சிறந்த நீர் மாடியில் சேமித்த மழைநீர்தான். ஐப்பசியில் பிடித்து வைத்துத் தையில் பயன்படுத்தலாம்.

ஒரு தலைமுறைக்கு முன் ஆற்றுக்குப் போய்க் கழுவியிருக்கக் கூடிய விரிப்பு, இன்று மழைநீர்த் தொட்டிக்குக் காத்திருக்கிறது. ரோமத்தை வேகமாகக் கழற்றத் தேவையான காரமும் சல்பைடும் நொதியும் என்னென்ன செய்யும் என்பதை இந்த ஊர்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்து வைத்திருக்கின்றன. அதைத் தலைகீழாகப் படித்தால் கம்பளத்தைக் காப்பாற்றும் பாடம் கிடைத்துவிடும். அவசரம் கூடாது, காரம் கூடாது, சூடு கூடாது, நல்ல தண்ணீர் வேண்டும். முதல் மூன்றும் வீட்டில் இருப்பவர் கையில் இருக்கிறது. நான்காவது ஊர் முழுவதும் சேர்ந்து காப்பாற்ற வேண்டியது.